இந்தப் பாட்டை யார் கேட்டது?

ஐசிடர் ராபி என்று ஒரு அமெரிக்க இயற்பியலாளர், 1944இல் நோபல் பரிசு வாங்கியவர். அணுவுக்குள் புரோட்டான், நியூட்ரான், எலெக்ட்ரான் என்று குடும்பம் அளவாக இருந்த காலத்தில், 1936இல் மியூவான் என்று ஒன்று வந்து நின்றது. அது எலெக்ட்ரானின் அச்சு அசல் நகல், எடை மட்டும் 207 மடங்கு என்பது பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் தெளிந்தது. அணு தன் பிழைப்பை நடத்த அது தேவையே இல்லை. பசியோடு வந்தவனும் இல்லை, பரிமாற வந்தவனும் இல்லை. ராபி கேட்டாராம்: "இதை யார் ஆர்டர் பண்ணினது?"

அந்த மனிதரை ராத்திரி பதினொரு மணிக்குத் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ஒரு மோட்டலில் இறக்கி விட்டிருந்தால் இதே கேள்வியை இன்னும் உரக்கக் கேட்டிருப்பார். பஸ் நின்றதும் ஒரு பையன் உள்ளங்கையால் தகரத்தில் அறைந்தபடியே வருவான். "வண்டி பத்து நிமிஷம் நிக்கும்! டீ, காபி, டிபன் சாப்பிடுறவங்கல்லாம் எறங்குங்க!" தூங்கினவன் எழுந்துவிடுவான். எழாதவனுக்காக ஸ்பீக்கர் இருக்கிறது. ஆள் உயரத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகளிலிருந்து காதல் தோல்விப் பாட்டு கிளம்பி, கொத்து பரோட்டாக் கல்லின் தாளத்தோடு கலந்து, வாழ்க்கையில் காதலே பண்ணாத மாமிகளின் வயிற்றையும் அதிர வைக்கும். யாரும் கேட்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவரும் கேட்பதில்லை. அவர் காதில் பஞ்சு.

நான் திண்டிவனத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவன். வீடு விழுப்புரம். விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம் என்று ஜிஎஸ்டி சாலையில் போவதும் வருவதுமாக ஒரு நடைக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அரசு பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் கண்ணாடி பாடும். தனியார் பஸ்ஸில் ஏறினால் அதோடு சேர்த்து பாட்டுப்பெட்டியும் பாடும். இந்தப் பயணத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது: நம் ஊர் சினிமாப் பாட்டும் அணுவினும் சிறிய துகள்களும் ஒரே சாதி. நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை, நம்மைத் துளைக்காமல் போவதுமில்லை.

கணக்கைப் பாருங்கள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்றணுக்களின் மேல் மோதுகின்றன. அந்த மோதலின் சிதறலில் மியூவான்கள் பிறந்து கீழே பாய்கின்றன. தரைமட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிஷத்துக்கு ஒன்று. உள்ளங்கையை நீட்டினால் விநாடிக்கு ஒன்றாவது அதைத் துளைத்துக்கொண்டு போகும். விழுப்புரத்தில் உட்கார்ந்து திண்டிவனத்தில் எழுந்திருப்பதற்குள் ஒரு பயணியின் உடம்புக்குள் லட்சத்துக்கு மேல் மியூவான்கள் ஏறி இறங்கியிருக்கும். பஸ் கூரை அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. செக்கிங் இன்ஸ்பெக்டர் விக்கிரவாண்டியில் ஏறி, சில்லறை பாக்கி எழுதின டிக்கெட்டைத் தொலைத்த கிழவியைத்தான் பிடிப்பார். அவர் தொப்பியைத் துளைத்துப் போகும் வித்தவுட்டுகளை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அதே நேரத்தில் பஸ்ஸில் ஓடும் பாட்டு, ஒன்றுக்கு நாலரை நிமிஷம் வைத்தால், பன்னிரண்டு பதிமூன்று. எண்ணிக்கையில் மியூவான் ஜெயிக்கிறது. தலைவலியில் பாட்டு.

மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். பதினைந்து கிலோமீட்டர் மேலே பிறந்தது, பாதி வழிகூட வராமல் வானத்திலேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் கூட்டேரிப்பட்டு வரைக்கும் சௌக்கியமாக வந்து சேர்கிறது. காரணம் ஐன்ஸ்டீன் சொன்னது: அத்தனை வேகத்தில் ஓடுகிறவனுக்குக் கடிகாரம் மெதுவாக ஓடும். 1941இல் புருனோ ரோசியும் டேவிட் ஹாலும் மலை மேலும் கீழும் மியூவான்களை எண்ணிப் பார்த்து, ஆமாம், ஓடுகிறவனுக்கு ஆயுள் நீளத்தான் செய்கிறது என்று உறுதி செய்தார்கள்.

இதை வகுப்பில் நடத்தும்போது பையன்கள் முகத்தில் ஈ ஆடாது. ஒருநாள் பஸ்ஸைப் பிடித்தேன். "டேய், சென்னையில ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆயுசு ரெண்டு வாரம். மூணாவது வாரம் அந்தப் பாட்டு வந்ததே யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆனா நம்ம பஸ்ல 1989ல வந்த கரகாட்டக்காரன் பாட்டு இன்னைக்கும் புதுசா பாடுதா இல்லையா? ஏன்? அது ஓடிக்கிட்டே இருக்கு. ஓடுற பாட்டுக்கு வயசு ஏறாது." முதல் தடவையாக வகுப்பே தலையாட்டியது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் மட்டும் எழுந்தான். "அப்ப டோல்கேட்ல நிக்கும்போது சார்?"

நியாயமான கேள்வி. பொங்கல் கூட்டத்தில் விக்கிரவாண்டி டோல்கேட்டில் மாட்டியவர்களுக்குத் தெரியும். வண்டி நகராது. ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடும். மூன்றாவது சுற்றில் பாட்டுக்கு மட்டுமல்ல, நமக்கும் நரை விழும். ஐன்ஸ்டீனின் சிறப்புச் சார்பியலுக்கு இதைவிட நல்ல நிரூபணம் பாடப்புத்தகத்தில் இல்லை.

எதற்கும் உதவாது என்று ராபி நினைத்த மியூவானுக்கு நம் ஊட்டியில் ஒரு வேலை கிடைத்தது. அங்கே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் கிரேப்ஸ்-3 என்ற பெயரில் மியூவான்களை எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். 2014 டிசம்பரில் ஒரு இடிமேகம் தலைக்கு மேல் வந்தபோது எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தது. அந்தக் குறைச்சலை வைத்து, மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். மோட்டல் பாட்டுக்கும் இப்படி ஒரு பிரயோஜனம் உண்டுதான். அதைக் கேட்ட எரிச்சலில் டிரைவர் உளுந்தூர்பேட்டை வரை கண்ணை மூட மாட்டார்.

துகள்காரர்களுக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு என் கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். ஜெனீவாவில் செர்ன் என்ற ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறதல்லவா, அங்கே 1990இல் ஒரு பெண்மணிக்குக் கோபம் வந்தது. காதலர் விஞ்ஞானி. எப்போது பார்த்தாலும் ராத்திரி ஷிப்ட், துகள் மோதல், தரவு. வேறு பெண்ணோடு சுற்றினாலாவது சண்டை போடலாம். இவர் மோதுகருவியோடு சுற்றுகிறார். அந்த அம்மாள் தோழிகளைச் சேர்த்துக்கொண்டு மேடை ஏறி, என்னைவிட உனக்குக் கருவிதான் பெரிதா என்று பாடியே கேட்டுவிட்டார். லே ஓரிப்லே செர்னெத் என்று குழுவுக்குப் பெயர். பிரெஞ்சில் எழுதி முதலெழுத்துகளைச் சேர்த்தால் எல்.எச்.சி. பின்னால் 27 கிலோமீட்டர் சுற்றளவில் பூமிக்கடியில் ஓடப்போகும் ராட்சத மோதுகருவிக்கும் அதே எல்.எச்.சி. நம் ஊரில் பெண்டாட்டி கோபித்துக்கொண்டால் அம்மா வீட்டுக்குப் போவார். அங்கே இசைக்குழு ஆரம்பிக்கிறார்கள்.

1992 ஜூலை 18 அன்று அந்த நால்வரும் விழா உடையில் நின்ற படம் ஒன்று எடுக்கப்பட்டது. அங்கேயே உலக வலை என்ற ஒன்றைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, அதில் என்ன போடுவது என்று பார்த்துக்கொண்டிருந்த டிம் பெர்னர்ஸ்-லீ, அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் போட்டார். உலக வலையில் ஏறிய முதல் படங்களில் ஒன்று அது. இசைக்குழுப் படங்களில் அதுவே முதல். மனித குலத்தின் மகா கண்டுபிடிப்பில் சமன்பாடு ஏறவில்லை, ஐன்ஸ்டீன் ஏறவில்லை. கல்யாண மண்டப வாசலில் ஒட்டுகிற மெல்லிசைக் கச்சேரி நோட்டீஸ் மாதிரி நான்கு பெண்கள் சிரித்துக்கொண்டு ஏறினார்கள். எனக்கு இதில் ஆட்சேபணையே கிடையாது.

அதற்கு ஒரு மாதத்துக்குள், ஆகஸ்ட் 15 அன்று, ரோஜா படம் வந்தது. ரகுமான் என்ற பெயர் விழுப்புரத்துக்கு வந்து சேர்ந்தது. வலைத்தளம் வந்து சேர இன்னும் பல வருஷம் ஆனது. அதுவரை எங்களுக்கு வலைத்தளம் என்றால் ரெக்கார்டிங் கடைதான். பேப்பரில் பாட்டுகளை எழுதிக் கொடுத்து, அறுபது நிமிஷக் கேசட்டும் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு நாளில் பதிந்து கொடுப்பார்கள். கேசட் பக்கத்தின் கடைசியில் மூன்று நிமிஷம் மிச்சம் இருந்தால் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டைச் செருகிவிடுவார். ரகுமானில் உருகிக்கொண்டிருக்கும்போது, மூச்சுவிடவும் இடைவெளி இல்லாமல், எல்.ஆர்.ஈஸ்வரி அம்மன் பாட்டு வெடித்துக் கிளம்பும். வீட்டில் உட்கார்ந்திருந்த பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்வாள். மியூவான் வந்து நின்றபோது ராபிக்கு எப்படி இருந்திருக்கும் என்பது எனக்குப் பதினொன்றாம் வகுப்பு படிப்பதற்கு முன்பே தெரியும்.

செர்ன் பாட்டுக்காரர்கள் அந்த நால்வரோடு முடியவில்லை. பிரையன் காக்ஸ் என்ற இங்கிலாந்து இயற்பியலாளர் டி:ரீம் என்ற பாப் குழுவில் கீபோர்டு வாசித்தவர். அப்புறம்தான் செர்னில் புரோட்டான் மோதினார். 2008இல் கேட் மெக்ஆல்பைன் என்ற பெண் மோதுகருவியைப் பற்றியே ராப் பாடி, சுரங்கத்துக்குள் ஆடிப் படமெடுத்து வெளியிட்டார். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். ஆக, அந்தப் பக்கம் பாட்டும் துகளும் சம்பந்தி ஆகி வெகுநாள் ஆயிற்று. நாம்தான் இன்னும் பெண் பார்க்கக்கூடப் போகவில்லை.

என் மச்சினன் விழுப்புரத்தில் மைக் செட் வைத்திருக்கிறான். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கூழ் ஊற்றுகிற திருவிழா, கட்சிக்கூட்டம், எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரும் சீரியல் செட்டும் அவனுடையதுதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவனைவிட்டு விலகியது. இயற்பியலில் எனக்குச் சந்தேகம் வந்தால் அவனிடம்தான் போவேன்.

2011 செப்டம்பரில் ஒரு செய்தி உலகத்தைக் கலக்கியது. செர்னிலிருந்து கிளம்பிய நியூட்ரினோ என்ற துகள்கள் 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியில் ஒரு மலைக்கடியில் இருக்கும் ஓபரா என்ற கருவிக்கு ஒளியைவிட வேகமாக வந்து சேர்ந்துவிட்டன என்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டு அறிவித்தார்கள். ஐன்ஸ்டீன் காலி என்று தலைப்புகள் வந்தன. நான் தூக்கம் கெட்டு மச்சினன் கடைக்குப் போனேன். அவன் ஒரு ஆம்ப்ளிஃபயரின் வயிற்றைத் திறந்து சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தான்.

"எவ்ளோ சீக்கிரம் வந்துச்சி மாமா?"

"அறுபது நானோ செகண்டு."

"அது இன்னா கணக்கு?"

"ஒரு செகண்ட ஒன்றரைக் கோடிக்கு மேல கூறு போட்டா, அதுல ஒரு கூறுடா."

அவன் நிமிரவில்லை. "ஒயரப் பாத்தாங்களா?"

"டேய், அது உலகத்திலேயே பெரிய பெரிய மூளைக்காரங்க..."

"இல்ல மாமா. மொதல்ல ஒயரப் பாக்கச் சொல்லு."

சொல்ல என்னிடம் ஜெனீவா நம்பர் இல்லை. 2012 பிப்ரவரியில் கண்டுபிடித்தார்கள்: நேரம் காட்டும் ஜிபிஎஸ் கருவியிலிருந்து கடிகாரத்துக்குப் போகிற ஒளியிழைக் கேபிள் சரியாகத் திருகப்படவில்லை. லூஸ் காண்டாக்ட். இறுக்கினார்கள், நியூட்ரினோ ஒழுங்கு மரியாதையாக ஒளியின் வேகத்துக்குள் வந்தது. மச்சினனிடம் போய்ச் சொன்னேன். அவனுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டான்.

"பின்னு லூஸா இருந்தா செட்டு கர்ர்ர்னு சத்தம் குடுக்குமே மாமா. அவங்களுக்குக் குடுக்கலியா?"

"குடுத்துச்சிடா. அதைத்தான் ஐன்ஸ்டீன் தப்புன்னு படிச்சிட்டாங்க."

அன்றிலிருந்து அவனுக்குச் செர்ன்மேல் ஒரு சகோதரப் பாசம். 2009 நவம்பரில் ஏதோ ஒரு பறவை ரொட்டித்துண்டைப் போட்டு மின்கருவி செயலிழந்து, மோதுகருவியின் குளிர்விப்பே தடுமாறியது என்றேன். "தயிர்சாதம் போடாம வுட்டுச்சே" என்றான். 2016 ஏப்ரலில் மரநாய் சாதிப் பிராணி ஒன்று 66,000 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி உயிரைவிட்டு, மோதுகருவி ஒரு வாரம் படுத்தது என்றேன். அதற்கு மட்டும் அவனுக்கு ரோஷம் வந்தது. 2021இல் நம் அப்போதைய மின்துறை அமைச்சர், மரக்கிளைக்கும் கம்பிக்கும் நடுவே அணில் ஓடுவதாலும் மின்தடை வருகிறது என்று சொன்னபோது ஊரே சிரித்தது. "அங்க நடந்தா விஞ்ஞானம், இங்க நடந்தா காமெடியா மாமா?" என்றான். அணில் விஷயத்தில் இன்றுவரை அமைச்சருக்காகப் பேசுகிற ஒரே மைக் செட்டுக்காரன் இவன்தான்.

நியூட்ரினோ மியூவானைவிட மோசமான ஆசாமி. சூரியனிலிருந்து மட்டும் சதுர சென்டிமீட்டருக்கு விநாடிக்கு 6,000 கோடிக்கு மேல் வருகின்றன. பகலில் தலை வழியாக நுழைந்து கால் வழியாகப் போகும். ராத்திரியில் பூமியையே துளைத்துக்கொண்டு, பஸ் சீட்டுக்கு அடியிலிருந்து மேலே போகும். எதையும் தொடுவதில்லை, எதனோடும் ஒட்டுவதில்லை. அபூர்வமாக, கோடிகோடியில் ஒன்று எதன்மேலாவது முட்டும். அதைப் பிடிக்க வேண்டுமானால் சத்தம் இல்லாத இடம் வேண்டும். தரையில் இந்த மியூவான் மோட்டல்கள் ஓயாமல் அலறிக்கொண்டிருப்பதால் ஆழத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

அப்படிப் போனவர்களில் நம்மவர்களும் உண்டு. கோலார் தங்க வயல் என்று சொன்னால் பையன்கள் உடனே சினிமா ஞாபகத்தில் "ராக்கி பாய்!" என்று கத்துகிறார்கள். ராக்கி பாய்க்கு அரை நூற்றாண்டு முன்னால், 1965இல், அதே கோலாரில், வட ஆற்காட்டிலிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிய சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்துக்கொண்டு பம்பாய், ஒசாகா, டர்ஹாம் விஞ்ஞானிகள் காத்திருந்தார்கள். வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை உலகத்தில் முதன்முதலாகக் கண்டவர்களில் அவர்களும் அடக்கம். அதே வருஷம் தென் ஆப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் கண்டார்கள். தங்கத்துக்காகத் தோண்டிய குழியில் எடையே இல்லாதது போன்ற ஒன்று கிடைத்தது. படத்தில் இந்தக் காட்சி இல்லை. வைத்திருந்தால் பின்னணி இசைக்கு வேலை இருந்திருக்காது.

பிறகு தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து 50,000 டன் இரும்பில் ஒரு நியூட்ரினோ கருவி வைக்கத் திட்டம் போட்டார்கள். ஊர் மக்கள் பயந்தார்கள், எதிர்த்தார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று; 2022இல் தமிழக அரசும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அது மலையையும் தண்ணீரையும் நம்பி வாழ்கிறவர்களின் வழக்கு. அதில் சிரிக்க எனக்கு ஒன்றுமில்லை. என்னைச் சிரிக்க வைப்பது இடம்தான். எந்தச் சத்தமும் நுழையாத இடம் வேண்டும் என்று நாடு முழுவதும் தேடினவர்கள் கடைசியில் உத்தமபாளையம் வட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதே வட்டத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். இளையராஜாவின் ஊர்!

நியூட்ரினோவிடம் இன்னொரு குணம் உண்டு, போகிற வழியில் ஆள் மாறுவது. மூன்று வகை: எலெக்ட்ரான் நியூட்ரினோ, மியூவான் நியூட்ரினோ, டாவ் நியூட்ரினோ. ஒருவகையாகக் கிளம்பியது இன்னொருவகையாக வந்து இறங்கும். இதைக் கண்டதற்காக 2015இல் கஜிதாவுக்கும் மெக்டொனால்டுக்கும் நோபல் கொடுத்தார்கள். கல்பாக்கம் அணு உலையிலிருந்து எதிர்நியூட்ரினோக்கள் நாலா பக்கமும் கிளம்புகின்றன. திண்டிவனம் அங்கிருந்து நேர்கோட்டில் 65 கிலோமீட்டர் போல. சீனாக்காரர்கள் ஜூனோ என்று ஒரு கருவியை உலைகளிலிருந்து 53 கிலோமீட்டர் தூரத்தில் கட்டியிருப்பதற்குக் காரணமே, ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் ஆள் மாறுவது உச்சத்தில் இருக்கும் என்பதுதான். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கும் கல்பாக்கத்து ஆசாமிகளில் பாதிக்கு மேல் கிளம்பும்போது இருந்த ஆட்களே இல்லை. திண்டிவனத்துக்கு இப்படி ஒரு விஞ்ஞானச் சிறப்பு இருப்பது நகராட்சிக்குத் தெரியாது. தெரிந்தால் ஒரு வளைவு வைப்பார்கள்.

இதை வகுப்பில் விளக்க நான் சிவாஜியைத்தான் கூப்பிடுவேன். அவர் விழுப்புரத்தில் பிறந்தவர், வி.சி.கணேசனின் 'வி' எங்கள் ஊர். 1970இல் சொர்க்கம் படத்தில் எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் அவர் பொன்மகளை வரவேற்றுக் கிளம்பினார். பாட்டு ஓடியது, ஓடியது, 37 வருஷம் ஓடியது. 2007இல் அழகிய தமிழ் மகன் படத்தில் வந்து இறங்கும்போது பார்த்தால் அது ரகுமான் இசை, ஆடுகிறவர் விஜய். அதே பாட்டு, அதே பொன்மகள், ஆள் வேறு. "விழுப்புரத்துல சிவாஜியா ஏறுனது திண்டிவனத்துல விஜயா எறங்குனா அதுக்குப் பேர் என்னடா?" என்று கேட்பேன். "நியூட்ரினோ அலைவு சார்!" என்று கூரை அதிரும். பொதுத்தேர்வில் இந்த உதாரணத்தை எழுத வேண்டாம் என்றும் சொல்லிவைப்பேன். ஒருவன் எழுதிவிட்டான். திருத்தியவர் சிவாஜி ரசிகராக இருந்திருக்க வேண்டும், பாஸ்.

இந்த வெற்றி தலைக்கேறி, போன ஆண்டு விழாவில் அடிப்படைத் துகள்கள் பதினேழையும் மேடையில் ஆடவிடுவது என்று முடிவு செய்தேன். ஆறு குவார்க், ஆறு லெப்டான், ஃபோட்டான், குளுவான், டபிள்யூ, இசட், ஹிக்ஸ். தலைமையாசிரியர் ஒப்பவில்லை. "இயற்பியலுக்கு எதுக்கு சார் டான்ஸ்?" என்றார். செர்ன் வளாகத்திலேயே 2004இல் இந்திய அரசு கொடுத்த இரண்டு மீட்டர் நடராஜர் ஆடிக்கொண்டிருக்கிறார் என்றேன். யோசித்தார். "சிதம்பரம் 1993 வரைக்கும் நம்ம தென் ஆற்காடு ஜில்லாதானே சார்?" என்று மெல்லத் தள்ளினேன். உடனே கையெழுத்துப் போட்டார். மண்ணின் மைந்தனுக்கு அனுமதி மறுக்க அவரால் முடியவில்லை.

குத்துப்பாட்டு மெட்டு ஒன்றுக்கு நானே வரி எழுதினேன்.

"எடைய யாரு குடுத்தது? ஹிக்ஸு குடுத்தது!
குவார்க்க யாரு ஒட்டுனது? குளுவான் ஒட்டுனது!"

(புரோட்டானின் எடையில் பெரும்பகுதி குவார்க், குளுவான்களின் ஆற்றலால் வருவது, ஹிக்ஸின் பங்கு சில்லறைதான். ஆனால் அது மெட்டுக்குள் உட்காரவில்லை.)

பாத்திரத் தேர்வுதான் உயிரை வாங்கியது. பத்திரிகைகள் ஹிக்ஸுக்குக் கடவுள் துகள் என்ற பெயரைப் பரப்பித் தொலைத்ததால், ஊர்ப் பிரமுகர் ஒருவர் தன் பேரன்தான் கடவுளாக வர வேண்டும் என்று கிரீடத்தோடு வந்துவிட்டார். ஹிக்ஸுக்குக் கிரீடம் கிடையாது என்று அரை மணி நேரம் வாதாடி, சின்னக் கிரீடமாக முடிந்தது. லெப்டான்களில் வரும் மூன்று நியூட்ரினோவுக்கு மட்டும் போட்டியே இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து மூன்று பேரைக் கூப்பிட்டேன். "யாரையும் தொடக்கூடாது, யாரையும் பாக்கக்கூடாது, தாளத்தைக் கண்டுக்கவே கூடாது. இந்தப் பக்கம் நுழைஞ்சி அந்தப் பக்கம் போகணும். திரைக்குப் பின்னால அட்டைய மாத்திக்கிட்டுத் திரும்ப வரணும்." ஒத்திகையே தேவைப்படவில்லை. மூவரும் அதற்கென்றே பிறந்தவர்கள்.

விழா அன்று மைக் செட் மச்சினனுடையது. எல்லாப் பின்னையும் ஒருதரம் அழுத்திப் பார்த்துவிட்டேன் மாமா என்றான். ஹிக்ஸ் கிரீடத்தோடு வந்து நின்றார், விசில் பறந்தது, குவார்க்குகள் மும்மூன்றாகச் சேர்ந்து குதித்தன. இரண்டாவது சரணத்தில் பாட்டு பொட்டென்று நின்றது. கர்ர்ர்.

பதினான்கு துகள்களும் எடுத்த கால் எடுத்தபடி சிலையாகிவிட்டன. ஃபோட்டானாக வந்த பெண் அழத் தயாரானாள். மச்சினன் மேடைக்கடியில் புகுந்தான். வேட்டி நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அந்த நேரம் பார்த்து இடது பக்கத்திலிருந்து மூன்று நியூட்ரினோக்களும் அமைதியாக நுழைந்தன. பாட்டு நின்றது அவற்றுக்குத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. உறைந்து நின்ற குவார்க்குகளின் இடுக்கு வழியாக, ஹிக்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நடந்து வலது பக்கம் மறைந்தன. அட்டை மாறித் திரும்பி வந்தன. மறைந்தன. மறுபடி வந்தன. பந்தலே எழுந்து நின்று கைதட்டியது. சிறப்பு விருந்தினர் தன் உரையில், இந்த மௌன நாடகம் சமுதாயத்துக்குச் சொல்லும் கருத்தை ஆறு நிமிஷம் பாராட்டினார்.

விழா முடிந்து அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது டாவ் நியூட்ரினோவின் அம்மா வந்தார். மயிலத்துக்காரர்.

"எம்புள்ள ஆடவே இல்லியே சார். குறுக்கால போனான், குறுக்கால வந்தான்."

"அதாம்மா நியூட்ரினோ. யார் கூப்பிட்டாலும் திரும்பாது. எதுலயும் ஒட்டாது. வரதும் தெரியாது, போறதும் தெரியாது. ரொம்ப நல்லா பண்ணான்."

அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அத்த ஊட்லியே தெனமும் செய்றானே சார். அதுக்கு எதுக்கு நூத்தம்பது ரூவா டிரெஸ்ஸு?"